முட்டுச் சந்தில் நாலு முழ அமைதி

எங்க சந்துல சத்தம் அத்துப்போனது ஒரு திங்கக்கெழமை காலைல பத்து மணிக்கு, அதுவும் சந்து முழுக்க இல்ல, முட்டுல மூடிக்கெடக்குற கோடவுன் சுவத்துக்கும் ஈபி பொட்டிக்கும் நடுவால நாலு முழம் நீளம் மூணு முழம் அகலத்துக்கு மட்டும், அத்த மொதல்ல கண்டுபுடிச்சது மூணு சக்கர மீன்பாடி வண்டில லோடு அடிக்கிற ஏகாம்பரம், ஆனா தான் ஒண்ணு கண்டுபுடிச்சோம்னு அந்த மனுஷனுக்கே தெரியாது, பேப்பர் ரீம் எறக்க வண்டிய அங்க கொண்டாந்து நிறுத்தினதும் இன்ஜின் செத்துப்போச்சுன்னு நெனச்சிக்கினு தலைல கைய வச்சிக் குந்திட்டான், அப்பாலே மண்ணடிலேர்ந்து ஒரு மெக்கானிக்க இட்டாந்தான், மெக்கானிக் இன்ஜின் மேல கைய வச்சிப் பாத்துட்டு வெளிய வந்து, "யோவ், நடுங்குதுய்யா, அது ஓடிக்கினுதான் கீது, ஒனக்குக் காது போயிடுச்சா?"ன்னான், ரெண்டு பேரும் சேந்து வண்டிய ரெண்டடி முன்னால தள்ளினாங்க, அவ்ளோதான், படபடபடன்னு சந்தே அலறிச்சி. முக்கா மணி நேரம் பெட்ரோல் வீணாப்போச்சேன்னு ஏகாம்பரம் திட்டிக்கினே லோடு எறக்கினான்.

ஆச்சரியப்பட யாருக்கு நேரம் இருக்குது? ஆவணி மாசம், முகூர்த்தத்து மேல முகூர்த்தம், எங்க சந்து பாரிமுனைலேர்ந்து ஏழெட்டு சந்து தள்ளி இருக்குது, ஊருல பாதிப் பேரோட கல்யாணப் பத்திரிகை இங்கதான் அடிக்கிறாங்க, ஒரு பக்கம் கட்டிங் மிஷின் டொம்மு டொம்முனு தாளை வெட்டும், ஒரு பக்கம் ஆப்செட் மிஷின் கடகடன்னு ஓடும், ஒரு பக்கம் ஜிகினா ஒட்டுற மிஷின் புஸ்ஸு புஸ்ஸுங்கும், நடுவால வண்டிக்காரன் வண்டிக்காரன திட்டுவான், டீ கொண்டாரவன் கத்துவான், போன்ல பேசுறவன் அதுக்கு மேல கத்துவான். நான் லூர்து, கவருக்குப் பசை தடவி ஒட்டுறவ, பதினெட்டு வருஷமா முட்டுல இருக்கிற அதே பிரஸ் வாசப்படில அதே பலகை மேல குந்திக்கினு இருக்கேன், அந்த நாலு முழம் என் மூஞ்சிக்கு நேரா இருந்துச்சி, அதனால இந்தக் கதையச் சொல்ல என்னை வுட்டா வேற ஆளு கெடையாது.

காரணம் தேடாம இல்ல, ஒரு நாலு நாளு தேடினோம். கீழ மெட்ரோவுக்குத் தோண்டுறாங்கல்ல, எங்கனா ஓட்டை வுழுந்து சத்தமெல்லாம் உள்ள எறங்கிப் போவுதுன்னான் ஏகாம்பரம். பைண்டிங் கடை தணிகாசலம், அவருதான் எங்க சந்து சங்கத்துக்குச் செயலாளர், எதுக்கெடுத்தாலும் மனு எழுதுற ஆளு, 'மேற்படி இடத்தில் சத்தம் வருவதில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்'னு ஒரு மனு எழுதி கார்ப்பரேஷன் ஆபீஸுக்கு எடுத்துக்கினு போனாரு, இது புகாரா நன்றியான்னு அங்க கேட்டாங்களாம், இவருக்கே தெரியல, மனுவ மடிச்சிப் பையில போட்டுக்கினு வந்துட்டாரு. அதோட காரணம் தேடுறது முடிஞ்சிபோச்சி.

அப்பாலே பாக்கணுமே கூட்டத்த. மொதல்ல கட்டிங் மிஷின்காரங்க வந்தாங்க, முப்பது வருஷமா காதுல டொம்மு டொம்முனு அடிச்சிக்கினே இருந்தவங்க அந்த நாலு முழத்துல கால வச்சதும் மூஞ்சி அப்படியே தளந்துபோயி பச்சப்புள்ளை மாதிரி குந்திக்கினாங்க, அவங்கள பாத்துட்டு நாள் முழுக்க நின்னுக்கினே புடவை எடுத்துப் போடுற பொண்ணுங்க வந்தாங்க, ஐகோர்ட்டு வக்கீலுங்க கருப்பு கவுன மடிச்சிக் கைல வச்சிக்கினு வந்தாங்க, டிராபிக் போலீஸ்காரர் ஒருத்தரு விசிலக் கயட்டி என் பலகை மேல வச்சிட்டு உள்ள போனாரு, சொத்துக்காகப் பேச்சுவார்த்த நின்னுபோன அண்ணன் தம்பி ரெண்டு பேரு உள்ள நின்னு வாயக் கிழிச்சிக்கினு திட்டிக்கினாங்க, ஒருத்தன் சொன்னது ஒருத்தனுக்குக் கேக்கல, வெளிய வந்து ஒண்ணாப் போயி டீ குடிச்சாங்க, ஏன்னா உள்ள ஒண்ணுமே கேக்காது, வெளிச் சத்தமும் கேக்காது, நீ தொண்டை கிழியக் கத்தினாலும் ஒனக்கே கேக்காது, கை தட்டினா ரெண்டு கை சேருறது மட்டும் தெரியும். ஒரு பொம்பள தெனம் வந்து அஞ்சு நிமிஷம் மாமியாரத் திட்டிட்டு தலை வாரிக்கினு போவா, அவ வாயப் பாத்தே நாங்க பாதி கதைய தெரிஞ்சிக்கினோம்.

கூட்டம்னு வந்தா வரிசை வேணும். தண்ணி லாரிக்குக் கொடம் வைக்கிற ஊரு இது, இங்க யாரும் நேரா நிக்க மாட்டாங்க, கொடத்துக்குப் பதிலா ஒத்தச் செருப்ப வரிசைல வச்சிட்டு மத்த செருப்போட நொண்டிக்கினே போயி வேலையப் பாத்துட்டு வருவாங்க, ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம். டைம் ஆயிடுச்சின்னு உள்ள இருக்கிறவங்கள கூப்புட முடியாதே, அதனால புக்கு கட்டுற சணல் கயித்துல ஒரு முனைய அவங்க மணிக்கட்டுல கட்டி மறு முனைய என் பலகை ஆணில கட்டிவச்சேன், நேரம் ஆனா ஒரு இழு இழுப்பேன், சில பேரு எழுந்திரிக்க மாட்டாங்க, ரெண்டாவது இழுக்குறப்போ என் வாயும் சேந்து வரும், ஆனா அது அவங்களுக்குக் கேக்காது, வரிசைல நிக்கிறவங்கதான் சிரிப்பாங்க. குழந்தைங்கள மட்டும் உள்ள வுடக்கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டோம், ஏன்னா ஒருத்தி கைக்குழந்தைய அங்க படுக்க வச்சிட்டு, நல்லா தூங்குதுன்னு நிம்மதியா முறுக்கு தின்னுக்கினு இருந்தா, நான்தான் எட்டிப் பாத்தேன், அது மூஞ்சி செவந்து ஒடம்பு வெறச்சிக் கத்திக்கினு கெடக்குது. அவளுக்கு ஒரு அற வுட்டிருப்பேன், என் கைல பசை இருந்துச்சி.

மூணாவது வாரம், வெள்ளிக்கெழமை மத்தியானம், ஒயர் கூடையோட ஒரு பொம்பள சந்துக்குள்ள வந்தாங்க. நாப்பது வயசு இருக்கும், கழுத்துல ஆஸ்பத்திரி பாஸ் தொங்குது, எங்க சந்துலேர்ந்து நடக்குற தூரத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்குது, அங்கேர்ந்து வரவங்கள நாங்க பாத்தவுடனே கண்டுபுடிச்சிடுவோம், நடக்குறது ஒரு பக்கம் இருக்கும், பாக்குறது ஒரு பக்கம் இருக்கும்.

"யக்கா, இங்க சத்தமில்லாத எடம் ஒண்ணு இருக்குன்னாவளே, அது எங்கக்கா?"ன்னு கேட்டாங்க.

"தோ எதிர்லதான். ஒரு செருப்பக் கயட்டி வரிசைல வைமா. எந்த ஊரு?"

"சாத்தான்குளம் பக்கம்" னாங்க. பேரு சண்முகக்கனி.

செருப்ப வச்சிட்டு என் பக்கத்துல குந்தினவங்க நான் கேக்காமயே சொன்னாங்க, அழுவாம, குரல் ஏறாம எறங்காம, பஸ் ஸ்டாண்டுல ஊர் பேரு படிக்கிற மாதிரி சொன்னாங்க. மவன் பேரு இசக்கிராஜ், இருபத்திரண்டு வயசு, இந்த ஊருல பைக்ல சாப்பாடு கொண்டுபோயிக் குடுக்குற வேலை, மழைல வண்டி வழுக்கி நடுக்கட்டைல மண்டை மோதிடுச்சி, ஒம்பது நாளா மிஷின்ல மூச்சு ஓடுது. புருஷன் மஸ்கட்ல, லீவு கெடைக்கல, போன்ல அழுவுறாரு. தங்குறது ஒரு லாட்ஜு, ஆஸ்பத்திரில ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் உள்ள வுடுறாங்க, காலைல பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், மத்த நேரமெல்லாம் சும்மா.

"பத்து நிமிசம் பாத்துட்டு வெளிய வந்தா காதுல அந்த மிசின் சத்தம்தான் நிக்கி. கஸ்ஸுன்னு இழுக்கும், புஸ்ஸுன்னு விடும். அவன் மூச்சு எது, மிசின் மூச்சு எதுன்னு தெரியல. ராத்திரி பகலா அதேதான். அதான் சத்தமில்லாத எடம் தேடுதேன்."

இந்த ஊருக்காரங்களப் பத்தி ஒண்ணு சொல்லணும், யாரு வந்து எடம் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்ல மாட்டாங்க, அவனவன் மனசுல ஒரு எடம் வச்சிருப்பான். லாட்ஜுக்காரன் பீச்சுக்குப் போம்மா, அங்க அமைதியா இருக்கும்னு அனுப்பினானாம், போனா பலூன் சுடுறவனும் குதிரைக்காரனும் சுண்டல்காரனும் அலைய வுட அதிகமா கத்துறாங்க. நர்ஸு ஒரு பார்க்கு சொல்லிச்சாம், காலைல போனா பத்து பெருசுங்க வட்டமா நின்னுக்கினு ஹா ஹான்னு சிரிப்புப் பயிற்சி பண்றாங்க, மத்தியானம் போனா கேட்ட பூட்டிட்டாங்க. கோயில்ல மைக்கு, சர்ச்சுல பாட்டு ஒத்திகை, மியூசியத்துல நாலு பஸ்ஸு ஸ்கூல் புள்ளைங்க. ஆட்டோக்காரர் ஒருத்தரு, இது யாருக்குமே தெரியாத எடம்மான்னு சொல்லி வெள்ளக்காரங்க காலத்துக் கல்லறை ஒண்ணுக்கு இட்டுக்கினு போயி வுட்டாராம், மெய்யாலுமே அமைதி, மரம், நெழலு, ஒரு கல்லு மேல குந்தி கண்ண மூடினா வாட்ச்மேன் வந்து, யாரோட கல்லறைம்மா இது, சொந்தமான்னு கேட்டு எழுப்பிட்டானாம். ஒரு லைப்ரரில மூணாவது மாடி மூலைல மட்டும் ஒரு மணி நேரம் இருந்தாங்களாம், யாருமே இல்ல, மேல ஃபேன் மட்டும் கஸ்ஸு புஸ்ஸுன்னு சுத்திச்சாம். ஒம்பது நாள்ல இந்தப் பொம்பள பாத்த எடத்துல பாதிய நான் பொறந்து வளந்து பாத்ததில்ல.

"அழுதியாம்மா?"ன்னேன். எனக்கு எப்பவும் நேராக் கேட்டுத்தான் பழக்கம்.

"வரலக்கா. பசிக்கவும் இல்ல. காலு நடக்குது, நான் பின்னால போறேன். அவ்வளவுதான்."

அவங்க முறை வந்துச்சி. கயித்தக் கட்டி உள்ள வுட்டேன். கால் மணி நேரம் சுவத்துல சாஞ்சி கண்ணத் தொறந்துக்கினே குந்தியிருந்தாங்க, இழுத்தேன், எழுந்து வந்தாங்க. "மிசின் சத்தம் நின்னுட்டுக்கா" அப்படின்னு மட்டும் சொன்னாங்க. அந்த மூஞ்சில சந்தோஷமும் இல்ல, துக்கமும் இல்ல.

அப்பாலே தெனம் வந்தாங்க, சனி, ஞாயிறு, திங்க. ஞாயித்துக்கெழம பிரஸ்ஸு லீவு, அவங்களுக்காக நான் சர்ச்சுல பூசை முடிஞ்சி நேரா வந்து பலகைல குந்தினேன், வூட்டுல கறி வேகாம கெடந்துச்சி, எம் புருஷன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினாரு. வரிசைல நிக்கிறவங்களும் கதைய தெரிஞ்சிக்கினு அவங்க செருப்ப எடுத்து முன்னால முன்னால தள்ளி வச்சாங்க, பைண்டிங் புள்ளைங்க சாப்பாட்டுல ஒரு கை எடுத்து வச்சாங்க, ஏகாம்பரம் தெனம் வந்து ஒரு மாதுளம் பழத்தக் குடுத்துட்டு ஓடிப்போவான். சண்முகக்கனி எல்லாத்தையும் வாங்கி ஒயர் கூடைல வச்சிக்குவாங்க, தின்னு நான் பாக்கல.

செவ்வாக்கெழம சாயங்காலம் வந்தப்போ அவங்க செருப்பக் கயட்டல. என் முன்னால நின்னுக்கினு சொன்னாங்க.

"மூளை செத்துட்டுன்னு சொல்லுதாவ. ரெண்டு தடவ பாத்தாவளாம். மிசினக் கழத்தி வச்சிட்டு அவனா மூச்சு விடுதானான்னு பாத்தாவளாம், விடலையாம். ஆனா நெஞ்சு ஏறி எறங்குது, கை சூடா இருக்கு, இப்பத்தான் புடிச்சிட்டு வாரேன். அது மிசின் விடுத மூச்சும்மாங்காவ. அவன் உறுப்பெல்லாம் வேற ஆளுவளுக்கு வச்சா அஞ்சாறு பேரு பொழைப்பாவளாம், நாளைக்கு நாலு மணிக்குள்ள சொல்லணுமாம், கட்டாயம் இல்லையாம், நீங்க என்ன சொன்னாலும் சரிதாம்மான்னாவ. மஸ்கட்டுக்கு, அவியளுக்கு போன் போட்டேன். நீ பக்கத்துல இருக்க, நீயே பாத்துச் சொல்லுன்னுட்டாவ. நான் என்னத்தப் பாக்க? உசுரோட இருக்கவனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டா பெத்தவளா நான்?"

நான் பசைக் கிண்ணத்தப் பாத்துக்கினு இருந்தேன்.

"நாளைக்கு மூணு மணிக்கு வாரேன். கடைசியா ஒரு தடவ இதுல உக்காந்துட்டு, மனசுல என்ன தோணுதோ அதப் போயிச் சொல்லிருதேன். எடம் போட்டு வைக்கிங்களா?"

"என் உசுரக் குடுத்தாவது வைக்கிறேன் போ" அப்படின்னேன். அவங்க ஒரு செருப்ப வுட்டுட்டு வெறுங்காலோட போகப் பாத்தாங்க, நான் திட்டி என் பழைய செருப்பு ஒரு ஜோடியக் குடுத்து அனுப்பினேன்.

இப்போ எங்க புத்தி போன போக்கச் சொல்லணும். ஒரு வாரமா ராத்திரில தணிகாசலம் அந்த நாலு முழத்துக்கு டைல்ஸ் போட்டுக்கினு இருந்தாரு, மேல தகரக் கூரை, சுத்தி கம்பி, 'அமைதி இடம் – உபயம்: சந்து வியாபாரிகள் சங்கம்'னு பச்சைல போர்டு, எல்லாம் ரெடி, புதன்கெழம காலைல ஒம்பதே கால்லேர்ந்து பத்தே காலுக்குள்ள நல்ல நேரம், தெறப்பு விழா. விழா சின்னதா வச்சிக்கலாம், தேங்கா ஒடச்சி ரிப்பன் வெட்டிட்டுப் போலாம்னுதான் அந்த மனுஷன் சொன்னாரு. "மைக் செட்டு இல்லாம இன்னாய்யா விழா, கருமாதியா பண்றோம்?"னு கேட்டது நான். நான்தான். இந்த வாயி.

மைக் செட்டுக்காரன் சந்து முழுக்க நாலு குழா ஸ்பீக்கரக் கட்டினான், காலைல ஆறு மணிலேர்ந்து சாமிப் பாட்டு, ஒம்பதேகாலுக்கு ஏரியா பெரிய மனுஷன் ஒருத்தரு மாலையோட வந்து ரிப்பன வெட்டி, டைல்ஸ் மேல தேங்காய ஒடச்சாரு, சத்தமே இல்லாம அது ரெண்டாப் போச்சி, எல்லாரும் கை தட்டினோம். பேசுறது அந்தக் கூரைக்கு அடில நின்னுதான் பேசுவேன்னு மைக்க கைல வாங்கிக்கினு உள்ள போயி நின்னாரு. வாய் அசையுது, கை ஆடுது, ஸ்பீக்கர்ல ஒண்ணும் வரல. வராதுல்ல? இத்தினி நாளா அதுக்குத்தானே வரிசைல நின்னோம்? ஆனா அந்த நேரத்துல ஒருத்தருக்கும் அது தோணல, மைக்கு வேலை செய்யலன்னா மைக் செட்டுக்காரன முறைக்கிறதுதான் எங்களுக்குத் தெரியும், எல்லாரும் திரும்பி அவன முறைச்சோம், அவனுக்கு மானம் போச்சி, ஒயர மாத்தினான், சவுண்ட ஏத்தினான், இன்னும் ஏத்தினான், கடைசில ஒரு குழா ஸ்பீக்கரயே தூக்கிக் கொண்டாந்து கம்பிக்கு உள்ள சுவத்தப் பாத்து வச்சி முழுசா ஏத்தி வுட்டான். பழைய பெட்ஷீட்டு கிழியுற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சி. அப்பாலே அந்தப் பெரிய மனுஷன் குரலு, "...அமைதி என்பது இன்றைக்கு..."ன்னு நாலு ஸ்பீக்கர்லயும் கணீர்னு கேட்டுச்சி. நாங்க விசில் அடிச்சோம். மைக் செட்டுக்காரனுக்குச் சால்வை போத்தினோம்.

கேசரி குடுத்து, சேரெல்லாம் மடக்கி, பதினோரு மணிக்கு ஏகாம்பரம் மொத ஆளா உள்ள போயிக் குந்தினான். உடனே வெளிய வந்தான்.

"யக்கா, உள்ள கேக்குதுக்கா."

"இன்னாடா கேக்குது?"

"எல்லாம்."

நான் போயி நின்னேன். கட்டிங் மிஷின் டொம்மு டொம்மு. தணிகாசலம் போயி நின்னாரு, வெளிய வந்தாரு, மறுபடியும் உள்ள போனாரு, டைல்ஸ் மேல கைய வச்சித் தடவிப் பாத்தாரு, ஈரத் துணியால தொடச்சாரு, அப்பாலே போர்ட மட்டும் நிமுத்தி வச்சிட்டு கடைக்குள்ள போயிட்டாரு. செருப்பு வச்சவங்க ஒருத்தரு ஒருத்தரா வந்து எடுத்துக்கினு போனாங்க. யாரும் ஒருத்தர ஒருத்தரு திட்டிக்கல, எங்க சந்துல அப்படி நடந்ததே இல்ல. கடைசில ஒரே ஒரு செருப்பு நின்னுச்சி.

மணி பன்னண்டு, ஒண்ணு, ரெண்டு. நான் கவர் ஒட்டினேன். எத்தன ஒட்டினேன், இன்னா பத்திரிகை, யாரு மாப்புள யாரு பொண்ணு, ஒண்ணும் தெரியல, கை மரத்துப்போயி அது பாட்டுக்குப் பசைல போச்சி, கவர்ல போச்சி. அந்தப் பொம்பளைக்கு இன்னா சொல்லுவேன்? மைக்கு வைக்கச் சொன்னது நான்னு சொல்லுவேனா?

மூணு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்போ வந்தாங்க. மூஞ்சி கழுவி, வேற புடவை கட்டி, தலைய இழுத்து வாரிக்கினு வந்திருந்தாங்க. செருப்ப எடுத்துப் போட்டுக்கினாங்க, என் செருப்ப பேப்பர்ல சுத்திக் குடுத்தாங்க, கைய நீட்டினாங்க. நான் ஒண்ணும் சொல்லாம கயித்தக் கட்டினேன். துரோகின்னு சொல்லு, கேட்டுக்கிறேன். கட்டி உள்ள அனுப்பினேன்.

குந்தினாங்க. சுவத்துல சாஞ்சாங்க. டொம்முனு மிஷின் வெட்டிச்சி. அவங்க தோள் ரெண்டும் ஒரு தடவ தூக்கிப் போட்டுச்சி. தலையத் திருப்பி என்னைப் பாத்தாங்க. கோவமே இல்லாத பார்வை, அதான் என்னால தாங்க முடியல.

பலகைலேர்ந்து எப்படி எழுந்தேன், தெரியல. சந்துக்கு நடுவால நின்னுக்கினு கத்தினேன். "நிறுத்துங்கடா! எல்லாத்தையும் நிறுத்துங்கடா! கால் மணி நேரம் மூடுங்கடா கடைய!" தணிகாசலம் எட்டிப் பாத்தாரு, உள்ள குந்தியிருக்கிறவங்களப் பாத்தாரு, அவ்ளோதான், எங்களுக்குள்ள பேச்சே இல்ல, நேரா ஈபி பொட்டிகிட்ட போயி சந்தோட மெயினையே எறக்கிட்டாரு. ஆப்செட் மிஷின் கட கட கட்டுன்னு இழுத்துக்கினு நின்னுச்சி. ஜிகினா மிஷின் நின்னுச்சி. மனுவும் இல்ல, கூட்டமும் இல்ல, பதினெட்டு வருஷத்துல அந்த மனுஷன் கேக்காம செஞ்ச ஒரே வேலை அதுதான். ஏகாம்பரம் ஓடிப்போயி சந்து வாசல்ல வண்டிய குறுக்கப் போட்டு, வர வண்டிக்காரங்க காலுல வுழாத குறையா கும்பிட்டு இன்ஜின அணைக்கச் சொன்னான். உள்ளேர்ந்து ஆளுங்க எல்லாம் வெளிய வந்து சுவரோரமா நின்னாங்க, மை அப்பின கை, தூசி ஒட்டின தலை, ஒரு அம்பது பேரு இருக்கும், போன எல்லாம் அணைச்சி ஜோப்புல போட்டுக்கினு, ஒருத்தரும் வாயத் தொறக்காம நின்னாங்க.

அமைதியா அது? அந்த நாலு முழத்துல இருந்ததுக்கும் இதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. தூரத்துல மெயின் ரோடு ஹாரன் கேட்டுக்கினுதான் இருந்துச்சி. கிட்டத்துல தணிகாசலத்துக்கு வயிறு கொடகொடன்னு உருளுது, பாவம் சக்கர வியாதிக்காரரு, கேசரி தின்னுட்டாரு. கட்டிங் மிஷின்காரருக்கு நெஞ்சுல விசில் மாதிரி இழுப்பு. ஒரு பொண்ணு வளையல அமுக்கிப் புடிச்சிக்கினு நிக்கிறா, அப்பவும் சிணுங்குது. ஒருத்தன் விக்கல அடக்குறான், அது மூக்கு வழியா வருது. யாரோ எச்சில முழுங்குறாங்க, யாரோ தாடியச் சொறியிறாங்க, யாருக்கோ முட்டி சொடக்குன்னுச்சி. என் உள்ளங்கைல காஞ்ச பசை வெரல விரிச்சா பொறிபொறிங்குது. பத்து நிமிஷம் இப்படியே போச்சி, எனக்கு அவமானமா இருந்துச்சி, ஒரு பொம்பளைக்குக் கால் மணி நேரம் சும்மா இருந்து காட்ட முடியலியே எங்களால.

சண்முகக்கனி கண்ண மூடிக்கினு இருந்தாங்க. அப்பாலே தெறந்தாங்க. எங்கள ஒருத்தர் ஒருத்தரா பாத்தாங்க, சத்தம் வந்த பக்கமெல்லாம் தலை திரும்புச்சி, வயித்துப் பக்கம், இழுப்புப் பக்கம், வளையல் பக்கம்.

"யக்கா" ன்னாங்க. "சும்மா இருக்கும்போதே மனுசனுக்கு இவ்வளவு சத்தம் இருக்குமா?"

"இன்னாம்மா?" எனக்குப் புரியல.

"நேத்து அவனுக்கு மிசினக் கழத்துனாவல்லா, நான் பக்கத்துலதான் நின்னேன், நர்ஸம்மா நிக்க விட்டாவ. யாருட்டயும் சொல்லல. பத்து நிமிசம் காத அவன் வாய்கிட்ட வச்சுக்கிட்டு நின்னேன். ஒரு சத்தம் இல்ல. இந்த எடத்துல உக்காந்தா எப்படி இருக்குமோ அப்படியே இருந்துச்சு. எம்புள்ள நிம்மதியா தூங்குதான்னு நெனச்சேன். அதான் மனசு வரல." எச்சில முழுங்கினாங்க, அந்தச் சத்தமும் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சி. "தூங்குத புள்ளைக்குச் சத்தம் இருக்கும்லாக்கா. வயிறு உருளும்லா, மூக்கு இழுக்கும்லா. அவன் சின்னதுலருந்தே வாயத் தொறந்து போட்டுக் கொறட்ட விடுவாம்லா."

வளையல அமுக்கிக்கினு நின்ன பொண்ணு கைய வுட்டுட்டா, அது சிணுங்கிச்சி.

"அவன் இல்லக்கா. போயிட்டான். நேத்தே போயிட்டான், அதுக்கு முந்தியே போயிட்டான்."

மணிக்கட்டுல இருந்த கயித்த அவங்களே அவுத்துக்கினாங்க. எழுந்து, புடவைல ஒட்டின தூசியத் தட்டிட்டு, கூடைய எடுத்துக்கினாங்க. "கரண்டப் போடச் சொல்லுங்க, அவிய பொழப்பு கெடுது" ன்னாங்க. தணிகாசலம் போடல, அவங்க சந்த வுட்டுப் போற வரைக்கும் கைய அந்தக் கைப்புடி மேல வச்சிக்கினு நின்னாரு. நான் கூடவே நடந்தேன், என்னை வான்னும் சொல்லல, வேணான்னும் சொல்லல. மணி மூணே கால். பின்னால மிஷின் ஒண்ணொண்ணா எழுந்திரிக்கிற சத்தம் கேட்டுச்சி.

மெயின் ரோட்டுல சிக்னல் செவப்பா இருந்துச்சி. எதிர்ல ஆஸ்பத்திரி கேட்டு. பஸ்ஸு, ஆட்டோ, லாரி, எவனும் ஹாரன்லேர்ந்து கைய எடுக்கல, பத்தாததுக்கு ஆம்புலன்ஸு வேற வழி கெடைக்காம கத்துது. அங்க வச்சி அழுதாங்க. பதினாலு நாளா வராதது அங்க வந்துச்சி. வாயத் தெறந்து, கழுத்து நரம்பு பொடைக்க, பெத்த வயித்துல கைய வச்சிக்கினு அழுதாங்க, அவ்ளோ சத்தத்துல பக்கத்துல நின்ன எனக்கே அது கேக்கல, வாய் அசையிறதுதான் தெரிஞ்சுது, கூட நின்ன ஜனங்க ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நான் அவங்க கையப் புடிச்சிக்கினேன், என் கைல பசை, அது அப்படியே ஒட்டிக்கிச்சி. சிக்னல் பச்சை ஆச்சி. ரோட்டக் கடந்து கையெழுத்துப் போடப் போனோம்.